கருவில் இருக்கும் குழந்தைக்கு இதயக் கோளாறு என்று ஸ்கேன் சொன்னால்... மதுரைப் பக்கம் இருப்பவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

"குழந்தைக்கு ஹார்ட்ல ஏதோ இருக்கிற மாதிரி தெரியுது. ஒரு ஃபீட்டல் எக்கோ எடுத்துட்டு வந்துடுங்க."

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து வெளியே வரும்போது இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டால், அதற்கப்புறம் டாக்டர் சொல்வது எதுவும் காதில் ஏறாது. ஊருக்குப் பஸ் ஏறுவதற்குள் செல்போனில் தேடி, பார்க்கக் கூடாத படங்களை எல்லாம் பார்த்து முடித்திருப்பார்கள். வீட்டுக்குப் போனால் அங்கே வேறு விசாரணை: "கிரகணத்தன்னைக்கு வெளிய போனியா?"

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதய அமைப்பில் ஏதாவது ஒரு குறை இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேல் இப்படிப் பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். இதில் சுமார் ஐந்தில் ஒரு குழந்தைக்கு முதல் வயது முடிவதற்குள் சிகிச்சை தேவைப்படும். மற்றவர்களில் பலருக்கு கண்காணிப்பே போதும், அல்லது நிதானமாகத் தேதி குறித்து ஆபரேஷன் செய்யலாம். உங்கள் குழந்தை இதில் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. பயப்படுவது அதற்கு அப்புறம்.

ஓட்டை இல்லாமல் கரு வாழாது!

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் கருவில் இருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இதயத்தில் ஒரு ஓட்டை உண்டு. இருந்தே ஆக வேண்டும்.

வயிற்றுக்குள் குழந்தை மூச்சு விட்டு ஆக்ஸிஜன் எடுப்பதில்லை. நஞ்சும் தொப்புள்கொடியும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. நுரையீரலுக்கு அங்கே பெரிய வேலை இல்லாததால், ரத்தம் அந்தப் பக்கம் அதிகம் போகாமல் திரும்பிவிட இரண்டு குறுக்குவழிகள் உண்டு. ஒன்று, மேல் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஒரு திறப்பு. இன்னொன்று, நுரையீரலுக்குப் போகும் குழாயையும் உடம்புக்குப் போகும் மகாதமனியையும் இணைக்கிற 'டக்டஸ்' என்ற சின்னக் குழாய்.

இதனால்தான், வெளியே வந்தால் உயிருக்கே ஆபத்தான கோளாறு உள்ள குழந்தைகூட வயிற்றுக்குள் நன்றாகவே வளர்கிறது. எடை கூடும், உதைக்கும், துடிப்பு சரியாக இருக்கும். "பிள்ளை நல்லாத்தானே ஆடுது, அப்புறம் என்ன?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பதில் தப்பில்லை. உள்ளே இருக்கும்வரை அது நல்லாத்தான் இருக்கும்.

சிக்கல் பிறந்த பிறகு தொடங்குகிறது. முதல் மூச்சு இழுத்ததும் நுரையீரல் விரிகிறது, தொப்புள்கொடி துண்டிக்கப்படுகிறது, அடுத்த ஒன்றிரண்டு, மூன்று நாட்களில் டக்டஸ் மூடிக்கொள்கிறது. அந்தக் குழாயை நம்பியே ரத்த ஓட்டம் இருந்த குழந்தை, அது மூடும்போது சட்டென்று நீலமாகிறது அல்லது துவண்டுவிடுகிறது. முன்கூட்டியே தெரிந்திருந்தால், டக்டஸ் மூடாமல் திறந்தே இருக்க 'புரோஸ்டாகிளாண்டின்' என்ற மருந்தை டிரிப்ஸில் ஏற்றி, ஆபரேஷன்வரை குழந்தையைக் காப்பாற்றி வைக்க முடியும். ஸ்கேனில் தெரியாமல் போன குழந்தைக்கு இந்த அவகாசம் சில மணி நேரம்தான். தெரிந்த குழந்தைக்கு நான்கு மாதம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது என்ன?

எல்லாவற்றையும் 'ஹார்ட்ல ஓட்டை' என்ற ஒரே வார்த்தைக்குள் அடக்கிவிடுகிறோம். அதில்தான் பாதிப் பயம் வருகிறது.

இதயத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிவதாக ரிப்போர்ட்டில் வரும். இது ஓட்டையே அல்ல. தனியாக அது மட்டும் இருந்து, மற்ற பரிசோதனைகள் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லாத விஷயம். இதற்குப் போய் பல வீடுகளில் ராத்தூக்கம் போயிருக்கிறது.

கீழ் அறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டை என்பது மிக சாதாரணமாகக் காணப்படும் கோளாறு. சிறியதாக இருந்தால் பல குழந்தைகளுக்கு தானாகவே மூடிவிடும். பெரியதாக இருந்தால் பிறந்து சில மாதங்களில் ஆபரேஷன்.

அடுத்தது, நான்கு குறைகள் சேர்ந்து வரும் 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ'. குழந்தையை நீலமாக்கும் கோளாறுகளில் முக்கியமானது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக், ஆல்ஃபிரட் பிளாலாக், விவியன் தாமஸ் மூவரும் சேர்ந்து இதற்குத்தான் முதல் வழி கண்டார்கள். இன்று பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் வயதை ஒட்டி முழுமையான ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள்.

அவசரம் என்றால் இதுதான்: இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறியிருப்பது. நல்ல ரத்தம் நுரையீரலுக்கே திரும்புகிறது, கெட்ட ரத்தம் உடம்பையே சுற்றுகிறது. பிறந்த சில மணி நேரத்திலேயே பலூன் வைத்து நடுச்சுவர்த் திறப்பைப் பெரிதாக்க வேண்டியிருக்கலாம். முதல் சில வாரங்களுக்குள் குழாய்களை மாற்றிப் பொருத்த வேண்டும். 1975-ல் பிரேசிலின் அடிப் ஜடேனே முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்த ஆபரேஷன் இது. நல்ல மையத்தில், சரியான நேரத்தில் நடந்தால் பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்கூடம் போய், ஓடி விளையாடி வளர்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். இதயத்தின் இடது பாதி வளராமலே போன குழந்தைக்கு மூன்று கட்டமாக ஆபரேஷன் வேண்டும். அதன் பிறகும் அது சாதாரண இதயம் ஆகாது. இந்தியாவில் இதை எடுத்துச் செய்யும் மையங்கள் குறைவு. டாக்டர் இதைச் சொல்லும்போது குரல் மாறும், கவனித்துக் கேளுங்கள்.

அதனால் ரிப்போர்ட் கையில் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி "சரியாயிடுமா?" என்பது மட்டும் அல்ல. கோளாறின் பெயர் என்ன, பிறந்த முதல் நாளே சிகிச்சை வேண்டுமா, ஒரு ஆபரேஷனோடு முடியுமா, பல தடவை வேண்டுமா, இதயம் தவிர வேறு உறுப்பில் ஏதாவது தெரிகிறதா என்று கேளுங்கள். பதில்களை அங்கேயே ஒரு தாளில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள். இரண்டு பேர் கேட்டால்தான் ஒருவருக்காவது ஞாபகம் இருக்கும்.

குழந்தையின் குரோமோசோம் பார்க்க பனிக்குட நீர் எடுத்துச் சோதிக்கலாமா என்றும் கேட்பார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கிறது என்பதால் இந்தக் கேள்வி வருகிறது. வேண்டுமா, வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

ஆணா, பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். ஃபீட்டல் எக்கோவிலும் அதைச் சொல்வது 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 'இவ்வளவு செலவு பண்ணி வைத்தியம் பார்க்கணுமா' என்ற கணக்கு எந்தக் குழந்தைக்கு எதிராகப் போடப்படும் என்பது நம் ஊருக்குத் தெரியாததல்ல.

24 வாரம் ஏன் முக்கியம்?

அனாமலி ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று சொல்வதற்குச் சட்டக் காரணமும் உண்டு.

1971-ம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரத்தோடு கதவை மூடியது. 2008-ல் மும்பையில், கருவின் இதயத் துடிப்பில் கடுமையான தடை இருப்பது 20 வாரம் தாண்டித் தெரிய வந்த ஒரு தம்பதி, டாக்டர் நிகில் தாதருடன் சேர்ந்து பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் 4-ம் தேதி அனுமதி மறுக்கப்பட்டது. சில நாட்களில் அந்தப் பெண்ணுக்குக் கரு தானாகவே கலைந்தது. நாடு முழுக்க பேசப்பட்ட வழக்கு அது. 2017 ஜூலை 3-ம் தேதி, கருவுக்கு மோசமான இதயக் கோளாறு இருந்த கொல்கத்தா பெண் ஒருவருக்கு 26-வது வாரத்தில் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது.

சட்டமே மாறியது 2021-ல். அந்த ஆண்டு செப்டம்பர் 24 முதல், கருவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் 24 வாரம்வரை இரண்டு டாக்டர்களின் கருத்து போதும். 24 தாண்டினால் மாநில அரசு அமைக்கும் மருத்துவ வாரியத்தின் முன் போக வேண்டும். விண்ணப்பம் வந்த 3 நாளில் வாரியம் கருத்துச் சொல்ல வேண்டும் என்கிறது விதி. 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே சட்டத்துக்குத் தேவை. கணவர் கையெழுத்தோ மாமியார் சம்மதமோ சட்டத்தில் இல்லை.

சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக யாரும் "கலைச்சிடு" என்று நெருக்க முடியாது. சரி செய்யக் கூடிய கோளாறுகள்தான் அதிகம். ஆனால் 22-வது வாரத்தில் ஸ்கேன், ஒரு வாரம் கழித்து எக்கோ, பனிக்குட நீர் ரிசல்ட்டுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் என்று நாள் ஓடினால், யோசிக்கவே நேரம் இருக்காது. 'ஏழாம் மாசம் வளைகாப்பு முடியட்டும், அப்புறம் ஸ்கேன் பார்த்துக்கலாம்' என்றால் அது 28-வது வாரம்!

தாய் வீடா, ஆஸ்பத்திரி பக்கமா?

மதுரையைச் சுற்றியுள்ள குடும்பங்களுக்கு இதுதான் உண்மையான கேள்வி.

நம் வழக்கம் தெரிந்ததே. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவோம். அது உசிலம்பட்டியாக இருக்கலாம், பேரையூர், மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமமாக இருக்கலாம். வலி வந்தால் பக்கத்து ஆஸ்பத்திரி, பிரசவம் ஆனதும் அம்மா கைச் சாப்பாடு. மற்ற குழந்தைகளுக்கு இது நல்ல ஏற்பாடு. பிறந்த அன்றே சிகிச்சை வேண்டிய குழந்தைக்கு இது ஆபத்தான ஏற்பாடு.

உசிலம்பட்டியிலிருந்து மதுரை சுமார் 40 கிலோமீட்டர். கேட்கக் குறைவுதான். ஆனால் மூச்சுக்குத் திணறும் பச்சிளம் குழந்தையைத் துணியில் சுற்றி காரில் தூக்கிக்கொண்டு ஓடும் 40 கிலோமீட்டர் வேறு. குழந்தை சில்லிட்டுப் போகும், சர்க்கரை இறங்கும், டக்டஸ் மூடிக்கொண்டே இருக்கும். ஆபரேஷன் டேபிளுக்கு வரும்போது அந்தக் குழந்தை ஏற்கெனவே தளர்ந்திருக்கும். குழந்தையை இடம் மாற்ற மிகப் பாதுகாப்பான வண்டி எது என்று கேட்டால் டாக்டர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: தாயின் வயிறு.

ஆகவே, அவசர வகைக் கோளாறு என்றால் 36-37-வது வாரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வந்து தங்கிவிடுங்கள். வளைகாப்பை நடத்துங்கள், வளையல் போடுங்கள். அனுப்பி வைக்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். அம்மா மகளிடம் வந்து தங்கினாலும் அது தாய் வீடுதான்.

எந்த ஆஸ்பத்திரி? அரசு இராஜாஜி மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நகரில் பெரிய தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஆனால் பெரியவர்களுக்கு பைபாஸ் செய்யும் இடம் எல்லாம், மூன்று கிலோ குழந்தைக்கு ஆபரேஷன் செய்யும் இடம் ஆகிவிடாது. நேராகவே கேளுங்கள்: "இந்தக் கோளாறுக்குப் பிறந்த குழந்தைக்கு இங்கேயே ஆபரேஷன் பண்றீங்களா? போன வருஷம் எத்தனை பண்ணீங்க? புரோஸ்டாகிளாண்டின் கையிருப்பு இருக்கா? பச்சிளம் குழந்தைகள் ஐ.சி.யூ இருக்கா?" இப்படிக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சில சிக்கலான கோளாறுகளுக்குச் சென்னை, கோவை, கொச்சி என்று அனுப்புவார்கள். சென்னை மதுரையிலிருந்து சுமார் 460 கிலோமீட்டர். அங்கேதான் ஆபரேஷன் என்று முடிவானால், பிரசவத்தையும் அங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், மதுரையில் பிறந்து, நிலையான பிறகு 108-ன் பச்சிளம் குழந்தைகளுக்கான ஆம்புலன்ஸில் போகலாமா என்பதை முன்கூட்டியே இரண்டு ஆஸ்பத்திரி டாக்டர்களையும் போனில் பேச வையுங்கள். தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது முழுசாக நடமாடும் நாளுக்காக எந்தக் குழந்தையின் டக்டஸும் காத்திருக்காது.

பிரசவத் தேதி சித்திரை மாதத்தில் விழுகிறதா? அழகர் ஆற்றில் இறங்கும் அன்று ஆழ்வார்புரம், கோரிப்பாளையம் பக்கம் கூட்டம் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியாஸ்பத்திரி இருப்பதும் அதே பக்கம்தான். இரண்டு நாள் முன்னாடியே அட்மிஷன் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

இதயக் கோளாறு என்றால் சிசேரியன்தான் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு சுகப்பிரசவமே போதும். அவசரப்பட்டு 36 வாரத்தில் எடுத்துவிடுவது நல்லதல்ல. எடையும் முதிர்ச்சியும் கூடிய குழந்தை ஆபரேஷனை நன்றாகத் தாங்கும், அதனால் 39 வாரத்தை ஒட்டிப் பிறப்பதையே விரும்புகிறார்கள்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிப் பேசாதது. குழந்தை ஒரு ஆஸ்பத்திரியில், தாய் இன்னொன்றில் என்று ஆகலாம். அப்பா குழந்தையோடு போனால் தாயோடு யார்? பாலைப் பீய்ச்சி, யார் எப்படிக் கொண்டு போவது? இதையெல்லாம் எட்டாம் மாதத்திலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

யார் மேல் தப்பு?

கிரகணம் காரணமில்லை. பப்பாளி சாப்பிட்டது, மாடிப்படி ஏறியது, அழுதது எதுவும் காரணமில்லை. இதயத்தின் அடிப்படை அமைப்பு முதல் இரண்டரை மாதத்துக்குள் உருவாகிவிடுகிறது. பலருக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரிந்திருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று கைகாட்டவே முடிவதில்லை.

ஆபத்தைக் கூட்டுபவை உண்டு. கர்ப்பத்துக்கு முன்பே கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, ஆரம்ப மாதங்களில் வரும் ரூபெல்லா, வலிப்புக்கான சில மாத்திரைகள். அப்புறம், நாம் பேசத் தயங்குகிற ஒன்று: சொந்தத்துக்குள் கல்யாணம். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கும் மேல் ரத்த உறவுக்குள் நடப்பதாகத் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தாய்மாமனைக் கட்டியவர்கள் குற்ற உணர்ச்சிப்பட இதைச் சொல்லவில்லை. முதல் ஸ்கேனின்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஃபீட்டல் எக்கோ அவசியமா என்று அவர் பார்ப்பார்.

பணத்துக்கு வழி

தனியாரில் ஆபரேஷன் சில லட்சங்களைத் தொடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். இதயக் கோளாறு ஆபரேஷன்களும் இதில் அடக்கம். அட்டை இல்லாதவர்கள் குழந்தை பிறந்த பிறகு ஓடாதீர்கள். வி.ஏ.ஓ-விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் இப்போதே பதிந்துவிடுங்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993. நீங்கள் போகும் ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, உங்கள் குழந்தைக்கான ஆபரேஷனும் பட்டியலில் இருக்கிறதா என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே என்ற தேசியத் திட்டம் 18 வயதுவரை பிறவி இதயக் கோளாறுக்கு உதவுகிறது. இராஜாஜி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் இதற்கு வழி சொல்வார்கள். சத்தீஸ்கரின் நவ ராய்ப்பூரில் உள்ள ஸ்ரீ சத்ய சாய் சஞ்சீவனி மருத்துவமனை குழந்தைகளுக்கு முழுக்க இலவசமாக இதய ஆபரேஷன் செய்கிறது. தூரம்தான். ஆனால் அவசரமில்லாத கோளாறு என்றால் யோசிக்கலாம்.

வயிற்றுக்குள்ளேயே ஆபரேஷன் செய்ய முடியாதா?

2023 மார்ச்சில் டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள், திராட்சை அளவே இருந்த கருவின் இதயத்துக்குள் தாயின் வயிறு வழியாக ஊசி செலுத்தி, அடைபட்ட வால்வைப் பலூன் வைத்துத் திறந்தார்கள். வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றும் செய்தி, உண்மைதான். ஆனால் இது மிகச் சில வகைக் கோளாறுகளுக்கு மட்டும். நூற்றில் தொண்ணூற்றொன்பது குடும்பங்களுக்கு இது பொருந்தாது என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. துடிப்பு அளவுக்கு மீறி வேகமாக இருக்கும் கருவுக்கு மட்டும், தாய்க்கு மாத்திரை கொடுத்தே உள்ளே இருக்கும் குழந்தையைக் குணப்படுத்த முடிகிறது.

ஸ்கேன் 'நார்மல்' என்றாலும்...

அனாமலி ஸ்கேன் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. பிறந்து 24 மணி நேரம் கழித்து குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிய அதே கருவியின் குட்டி வடிவம். 95-க்குக் கீழே இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ எக்கோ எடுக்க வேண்டியிருக்கும். நம் ஊர்க் குழந்தைகளின் நிறத்தில் நீலம் தோலில் தெரியாது. நாக்கையும் ஈறையும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, பால் குடிக்கும்போது நெற்றி வேர்ப்பது, இரண்டு வாய் குடித்துவிட்டு இளைத்து நிறுத்துவது, எடை ஏறாதது, விலா உள்ளே இழுக்க வேகமாக மூச்சு விடுவது — இதற்கு 'மாந்தம்' என்று வசம்பு உரசிக் கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம். அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறல் என்றால் 108.

ஒரு குழந்தைக்குக் கோளாறு இருந்தால் அடுத்ததற்கும் வருமா என்பது எல்லோரும் கடைசியில் கேட்பது. பொதுவாக நூற்றில் இரண்டிலிருந்து ஐந்து வரை என்கிறார்கள். மீதி தொண்ணூற்றைந்துக்கு மேல் நல்லபடியாகப் பிறக்கின்றன. அடுத்த கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட், சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவருவது, 18-வது வாரத்தில் தவறாமல் ஃபீட்டல் எக்கோ. முதல் குழந்தையின் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள், அப்போது அதைக் கேட்பார்கள்.